ஏறிய மேட்டில் இறங்குவது எப்படி? ஏடிவி பிடிமானமும் எஞ்சின் பிரேக்கிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டரைத் தொடாத ஊர் நம் சிங்கப்பூர். ஏடிவியில் மேடு ஏறி இறங்க ஆசைப்பட்டால் உட்லண்ட்ஸ் தாண்டி ஜொகூர் செம்பனைத் தோட்டங்களுக்குப் போகிறோம், அல்லது தானா மேராவில் படகு ஏறிப் பிந்தானுக்குப் போகிறோம். பள்ளி விடுமுறை வந்தால் பாலி, சியாங் மாய் என்று இன்னும் தூரம் போகிறவர்களும் உண்டு. நண்பர்களும் சொந்தக்காரர்களும் போய்வந்து என்னிடம் கேட்டவற்றையும், முதல் தடவை போகிறவர்கள் கேட்டே ஆகவேண்டும் என்று நான் நினைப்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஏடிவி என்று இங்கே சொல்வது நாலு பருத்த டயர், சைக்கிள் மாதிரிக் கைப்பிடி, வலது கட்டைவிரலால் தள்ளும் திராட்டில், இருபுறமும் கால் போட்டு உட்காரும் இருக்கை உள்ள வண்டியை.

எஞ்சின் பிரேக்கிங் என்கிறார்களே, அது என்ன?

திராட்டிலை விட்டதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பதுதான். திராட்டில் மூடியதும் எஞ்சினுக்குள் காற்று போகும் வழி கிட்டத்தட்ட அடைபடுகிறது. ஆனால் இறக்கத்தில் சக்கரம் உருண்டுகொண்டே இருப்பதால், கியர் வழியாக எஞ்சினையும் சேர்த்துச் சுற்றவைக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அடைபட்ட வழியில் காற்றை உறிஞ்சப் பாடுபடுகிறது. அந்தப் பாடும், எஞ்சினின் உள் உராய்வும் சேர்ந்துதான் சக்கரத்தைத் தடுக்கின்றன.

கியர் சிறியதாக இருந்தால் பிடி பெரிதாகும். லோ என்ற சிறிய கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எஞ்சின் பல சுற்று சுற்றியாகவேண்டும். அதனால் எஞ்சினின் சிறு தடை, சக்கரத்துக்கு வந்து சேரும்போது பெரிய தடையாகிவிடுகிறது. ஹை என்ற பெரிய கியரில் இறங்கினால் அதே எஞ்சின் பேருக்குத்தான் பிடிக்கும்.

நம்மில் பலர் 3ஏ உரிமம் எடுத்து ஆட்டோ கார் மட்டும் ஓட்டுகிறவர்கள். அன்றாடம் பார்க்கும் பெரிய சரிவே மாடிக் கார் நிறுத்தத்தின் சாய்தளம்தான். எஞ்சினை வைத்து வண்டியைப் பிடிக்கும் பழக்கம் நமக்கு வர வாய்ப்பே இல்லை. இறக்கம் என்றால் பிரேக் என்று கை தானாகப் போய்விடுகிறது. மண் பாதையில் அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்றவேண்டும்.

பிரேக் இருக்கும்போது எஞ்சின் எதற்கு?

பிரேக்கை அழுத்தினால் சக்கரம் முழுதாக நின்றுவிடக்கூடும். நின்ற சக்கரம் மண்ணில் சறுக்கும். சறுக்கும் டயருக்கு, உருளும் டயரைவிடப் பிடிமானம் குறைவு. முன்சக்கரம் நின்றுவிட்டால் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே போகும். எஞ்சின் பிடித்திருக்கும் சக்கரம் அப்படிச் சட்டென்று நிற்பதில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதுவும் மெதுவாக உருண்டுகொண்டிருக்கும், கைப்பிடி சொன்ன பேச்சைக் கேட்கும். எடையின் பெரும்பகுதியை எஞ்சின் தாங்கிக்கொண்டால், பிரேக் பிடிகள் நுணுக்கமான வேலைக்கு மிச்சமிருக்கும்.

"அண்ணே, இறக்கத்துல திராட்டிலை முழுசா விட்டேன், வண்டி இன்னும் வேகமா ஓடுச்சு. வண்டி ரிப்பேரா?"

இல்லை தம்பி, அந்த வண்டியின் அமைப்பே அப்படி. வாடகைக்குக் கிடைக்கும் ஏடிவிகளில் பெரும்பாலானவை பெல்ட் வண்டிகள். எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, சக்கரத்துக்குப் போகும் பக்கம் ஒரு புல்லி, நடுவில் ரப்பர் பெல்ட். எஞ்சின் பக்கப் புல்லி இரண்டு தட்டுகளால் ஆனது. எஞ்சின் வேகம் ஏறினால் உள்ளே இருக்கும் எடைகள் வெளியே தள்ளப்பட்டு, தட்டுகளை நெருக்கிப் பெல்ட்டைக் கவ்வவைக்கும். வேகம் இறங்கினால் தட்டுகள் விலகிக்கொள்ளும், பெல்ட் தளர்ந்துவிடும். நீங்கள் திராட்டிலை விட்ட கொஞ்ச நேரத்தில் நடந்தது அதுதான். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துபோனது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடுமே, அதே நிலை.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. சக்கரம் எஞ்சினைவிட வேகமாகச் சுற்ற முயன்றால் தானாகக் கவ்விக்கொள்ளும் ஒருவழிக் கிளட்ச்சைப் பல மாடல்களில் சேர்த்திருக்கிறார்கள். போலாரிஸ் இதை எஞ்சின் பக்கப் புல்லியிலேயே வைத்து, இபிஎஸ் (EBS, எஞ்சின் பிரேக்கிங் சிஸ்டம்) என்ற பெயரில் தருகிறது. யமஹாவின் கிரிஸ்லி, கோடியாக் வண்டிகளில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். எண்ணெயில் மூழ்கிய தனிக் கிளட்ச் ஒன்று தொடர்பைக் கொடுக்கும், கூடவே ஒருவழிக் கிளட்ச்சும் இருக்கும். ஹோண்டாவின் ரான்ச்சர், ஃபோர்மேன் போன்றவற்றில் பெல்ட்டே கிடையாது, பற்சக்கரக் கியர்தான். அவற்றில் எஞ்சின் பிடி நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. இறக்கத்துக்கு எது பிடிக்கும் என்று என்னைக் கேட்டால் பற்சக்கரக் கியரைத்தான் சொல்வேன்.

சிறிய, மலிவான வாடகை வண்டிகளிலும் குழந்தைகளுக்கான வண்டிகளிலும் இந்த ஒருவழிக் கிளட்ச் இல்லாமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கடை முற்றத்திலோ, மிக லேசான சரிவிலோ மெதுவாக ஓட்டிப்போய்த் திராட்டிலை முழுதாக விட்டுப் பாருங்கள். வண்டி கனத்துப் பின்னால் இழுப்பதுபோல் உணர்ந்தால் பிடி இருக்கிறது. லேசாக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே போனால் இல்லை. இல்லையென்றால் அன்று முழுவதும் இறக்கங்களில் உங்களுக்குப் பிரேக் மட்டும்தான் துணை. அதற்கேற்ற சிறிய இறக்கங்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

ஒருவழிக் கிளட்ச் இருக்கும் வண்டியிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். மேட்டு உச்சியில் நின்றுவிட்டு அப்படியே உருளவிட்டால், சில மாடல்களில் பெல்ட் இன்னும் கவ்வியிருக்காது. துளி திராட்டில் கொடுத்துப் பெல்ட்டைக் கவ்வவைத்து, வண்டி நகரத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள். அப்புறம் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

மேடு ஏறிய வண்டி அதே மேட்டில் பத்திரமாக இறங்கிவிடும்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். இறங்கிவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. குறிப்பாகப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகளில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 300 கிலோ, ஓட்டுகிறவர் 70 கிலோ, மொத்தம் 370. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.27 மீட்டர். இருவரும் சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில், இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமதரையில் முன்னும் பின்னும் பாதிப் பாதி எடை. இப்போது 20 டிகிரிச் சரிவில் ஏறினால், எடை பின்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் ஏறத்தாழ 70 சதவீதம் சுமக்கும். இழுக்கும் சக்கரத்தின் மேலேயே எடை விழுவதால் அது மண்ணில் நன்றாக அழுந்துகிறது. பரவாயில்லாமல் ஏறிவிடும்.

அதே சரிவில் மூக்கைக் கீழே காட்டித் திரும்புங்கள். இப்போது 70 சதவீதம் முன்சக்கரங்களின் மேல். பின்சக்கரங்களில் மிச்சம் 30தான். எஞ்சின் பிடித்திருப்பதோ அந்தப் பின்சக்கரங்களை மட்டும். 20 டிகிரியில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 125 கிலோ எடைக்குச் சமம். உதிரிச் சரளை மண்ணில் உராய்வை 0.5 என்று எடுத்துக்கொண்டால், பின்சக்கரங்கள் தாங்கக்கூடியது ஏறத்தாழ 52 கிலோ. பாதி கூட இல்லை. எஞ்சின் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் டயர் மண்ணில் சறுக்கும், வண்டி வேகம் எடுக்கும். முன்சக்கரங்களும் சேர்ந்து பிடித்தால் நாலுமாகச் சுமார் 174 கிலோ தாங்கும். அப்போது போதுமான அளவுக்கு மேலேயே கையில் இருக்கிறது.

ஆகவே பின்சக்கர வண்டியில் செங்குத்தான இறக்கத்துக்கு எஞ்சின் பிரேக்கிங் மட்டும் என்றால் கணக்கு உதைக்கும். முன் பிரேக்கையும் மெதுவாக, சீராக அழுத்தித்தான் ஆகவேண்டும். முன் பிரேக் போட்டால் தூக்கி எறிந்துவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர்கள் நிறைய. அந்தப் பயம் சட்டென்று இறுக்கிப் பிடிக்கும்போது நியாயமானது. இரண்டு விரலால் படிப்படியாக அழுத்துங்கள், கைப்பிடி நேராக இருக்கட்டும். எடை இருக்கும் சக்கரத்தில்தான் பிடிமானமும் இருக்கிறது.

உடலைப் பின்னால் தள்ளி உட்காரச் சொல்கிறார்களே, அதனால் இந்தக் கணக்கு மாறுமா என்றால், கொஞ்சம் மாறும். 70 கிலோ ஆள் 25 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்தால் பின்சக்கரங்களின் பங்கு மூன்று நாலு சதவீதம் ஏறும், அவ்வளவுதான். ஆனாலும் கட்டாயம் நகருங்கள். முன்சக்கரம் குழியில் இடித்து நின்றால் தலைகுப்புறப் போகாமல் காப்பது அந்த 25 சென்டிமீட்டர்தான்.

நாலு சக்கர இழுவை போட்டுவிட்டால் இறக்கத்தில் முன்சக்கரமும் பிடிக்குமா?

எல்லா வண்டியிலும் பிடிக்காது. பொத்தானில் 4 என்று காட்டுவது இழுவையைப் பற்றிய தகவல், இறக்கப் பிடியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. யமஹா, ஹோண்டா வண்டிகளில் நாலு சக்கரம் போட்டால் முன் அச்சும் எஞ்சினோடு இணைந்துகொள்கிறது, இறக்கத்திலும் நாலு சக்கரமும் பிடிக்கும். போலாரிஸ் முறையில், பின்சக்கரம் சறுக்கி முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும்போதுதான் முன் பக்கம் கவ்வும். இறக்கத்தில் நடப்பது அதற்கு நேர்மாறு என்பதால் முன்சக்கரங்கள் சும்மா உருளும். அதற்காகவே ஏடிசி என்ற இறக்கக் கட்டுப்பாட்டைச் சில மாடல்களில் தனியாகத் தருகிறார்கள். வண்டி தரும்போது வழிகாட்டியிடம் "இறங்கும்போது முன்வீலும் பிடிக்குமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் பிடிக்காது என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

லோ எப்போது போடவேண்டும்?

சரிவு தொடங்குவதற்கு முன், நின்றபடி. பெல்ட் வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹையிலிருந்து லோவுக்கு மாற்றக்கூடாது. பாதி இறக்கத்தில் மாற்ற முயன்றால் நடுவில் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள், அந்த நொடியில் எஞ்சின் பிடி முற்றிலும் போய்விடும். உச்சியில் நில்லுங்கள், கீழே பாதை எங்கே முடிகிறது என்று பாருங்கள், லோ போடுங்கள், பிறகு இறங்குங்கள். முடிவு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பின்னால் வருகிறவர்கள் காத்திருக்கட்டும்.

ஏறும்போதும் லோதான். ஹையில் மெதுவாக மேடேறினால் பெல்ட் சறுக்கிச் சூடாகும். ரப்பர் கருகும் வாடை வந்தால் அதுதான் காரணம். நிறுத்தி, எஞ்சினை நியூட்ரலில் கொஞ்சநேரம் ஓடவிட்டுப் பெல்ட்டை ஆறவிடுங்கள்.

ஏறும்போது பாதி மேட்டில் நின்றுவிட்டால்?

முதலில் மனம் பதற்றப்படும், கை பின் பிரேக்குக்குப் போகும். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியபின் பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால், பின் அச்சு அப்படியே நிற்க, வண்டியின் முன்பாதி உங்கள்மேல் மடிந்து விழக்கூடும். மேட்டில் நடக்கும் விபத்துகளில் மிக மோசமானது இதுதான்.

நிற்கப்போகிறது என்று தெரிந்த உடனே, உருள்வதற்கு முன்பே பிரேக்குகளைப் பிடித்துவிடுவது நல்லது. உருள ஆரம்பித்துவிட்டால், உடலை முன்னால், மேட்டுப்பக்கமாகச் சாய்த்து, முன் பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள். முழுதாக நின்றபிறகு பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, பார்க்கிங் பிரேக் போட்டு, மேட்டுப்பக்கமாக இறங்குங்கள். ஒரே பிடியில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போகும் வண்டியாக இருந்தால் உடல் எடையை முன்னால் வைத்திருப்பது இன்னும் முக்கியம்.

அப்புறம் வழிகாட்டியைக் கூப்பிடுங்கள். தனியாகத் திருப்ப முயலாதீர்கள். சரிவில் குறுக்காகத் திரும்பும் வண்டி புரள்வதற்கு ஒரு சிறு கல் போதும். இதைக் கௌரவப் பிரச்சினையாக நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது, குறிப்பாக வேலையிட நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது. 300 கிலோ இரும்பு மேலே விழுந்தால் நசுங்குவது நெஞ்சு.

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. என்ன செய்வது?

திராட்டிலைக் குறையுங்கள். சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். பல ஏடிவிகளில் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் பூட்டியவை, எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும். அதனால் பின்னால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது தள்ளும். நாலு சக்கரமும் இழுக்கும் பல வண்டிகளில் முன்னால், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. பிடிமானம் குறைந்த சக்கரம் வெட்டியாகச் சுற்றிச் சக்தியை வீணாக்கும். டிஃப் லாக் பொத்தான் இருந்தால் அப்போதுதான் அது பயன்படும். இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். பூட்டியபிறகு கைப்பிடி திருப்பக் கல்லைப்போல் கனக்கும், ஆகவே மாட்டிக்கொண்ட இடம் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். இறக்கத்திலும் திருப்பத்திலும் அது வேண்டவே வேண்டாம்.

மழை பெய்தபிறகு செம்மண் பாதை ஏன் அப்படி மாறிவிடுகிறது?

ஜொகூரிலும் பிந்தானிலும் நாம் ஓட்டும் பாதை பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும். காய்ந்திருக்கும்போது மேலே உதிரிக்கற்கள் டயருக்கடியில் உருண்டு வழுக்கும், ஆனால் அடியில் இறுகிய தரை இருக்கிறது. மழைக்குப் பிறகு அதில் உள்ள களி ஊறி, டயர் பட்டைகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்கிறது. பட்டை இருந்தும் இல்லாத மொட்டை டயர் ஆகிவிடுகிறது. டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போகிறவர்கள் இதை எதிர்பார்த்தே போகவேண்டும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் டிசம்பரில் வருவதால் குடும்பமாகப் போகும் கூட்டமும் அப்போதுதான் அதிகம்.

களிமண் இறக்கத்தில் பலருக்கும் விளங்காத ஒன்று நடக்கும். லோ கியரில் எஞ்சின் பிடி மண்ணின் பிடியைவிட அதிகமாகிவிடும். சக்கரம் மெதுவாகச் சுற்றும், வண்டியோ அதைவிட வேகமாகச் சறுக்கிக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஒருபுறமாக விலகத் தொடங்கும். அந்த நேரத்தில் பிரேக்கை இறுக்கினால் நிலைமை மோசமாகும். பிரேக்கைத் தளர்த்தி, கட்டைவிரலால் துளி திராட்டில் கொடுங்கள். சக்கரம் வண்டியின் வேகத்தை எட்டி மீண்டும் உருளும், உருண்டால் பிடிமானம் திரும்பும், வண்டி நேராகும். நேரானதும் திராட்டிலை மெல்ல விடுங்கள். இறக்கத்தில் திராட்டிலா என்று கை தயங்கும். முதல் தடவை சின்னச் சரிவில் செய்து பழகிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். இதை ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவதுதான் சரியான வழி.

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பெரிய இறக்கங்களைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையில் கூட்டிப்போகும் வழிகாட்டியை நான் மதிக்கிறேன். "பெலான் பெலான்" என்று அவர் கத்தினால் உண்மையிலேயே மெதுவாகப் போங்கள்.

டயரில் காற்று எவ்வளவு?

கார் டயரை நினைத்துக்கொண்டு அடித்துவிடாதீர்கள். காருக்கு 30 பிஎஸ்ஐக்கு மேல் போகும், ஏடிவிக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ. சரியான அளவு வண்டியின் ஸ்டிக்கரில் இருக்கும். கார் அளவுகோல் இந்தச் சிறிய அளவைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கென்று தனி அளவுகோல் வேண்டும். காற்று கூடினால் டயர் மண்ணைத் தொடும் பரப்பு குறையும், கல்லில் துள்ளும். மிகவும் குறைந்தால் சரிவில் பக்கவாட்டில் அழுத்தம் வரும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். வாடகை வண்டியில் நாலு டயரையும் கையால் அழுத்திப் பாருங்கள். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒருபக்கம் மட்டும் குறைந்திருந்தால் பிரேக் போடும்போது வண்டி அந்தப்பக்கம் இழுக்கும்.

செம்பனைத் தோட்டத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது?

வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு இடையே குவித்துப் போட்டிருப்பார்கள். ஈரமான மட்டையில் டயர் வழுக்கும், அதன் முள் காலைக் கிழிக்கும், அடியில் குழி இருந்தாலும் தெரியாது. குவியலுக்கு மேல் ஏறாமல் பாதையிலேயே இருங்கள். தோட்ட லாரிகள் போட்ட ஆழமான சக்கரத்தடங்களில் இறங்கிவிட்டால் அதோடு போராடாமல் அதன்போக்கில் போய், தடம் ஆழம் குறையும் இடத்தில் வெளியே வாருங்கள். மேட்டைச் சுற்றி வெட்டிய படிவரிசைகளில் போகும்போது வண்டி ஒருபக்கம் சாய்ந்திருக்கும். உடலை மேட்டுப்பக்கம் சாய்த்து, மெதுவாக, ஒரே சீராகப் போங்கள். அங்கே மேட்டை நோக்கித் திருப்பினால் வண்டி கீழே புரள வாய்ப்பு கூடும்.

ஓடையைத் தாண்டியபிறகு பிரேக் பிடிக்கவில்லையே?

நனைந்த பிரேக். குறிப்பாக டிரம் பிரேக் காய நேரம் எடுக்கும். கரை ஏறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்திப் பிடியுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். காய்ந்தது உறுதியாகும்வரை இறக்கத்துக்குள் போகவேண்டாம். தண்ணீர் ஆழமாக இருந்து பெல்ட் பெட்டிக்குள் புகுந்துவிட்டால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பெட்டியின் அடியில் தண்ணீர் வடிக்கும் மூடி இருக்கும். வழிகாட்டி திறந்து வடித்துவிட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுப் பெல்ட்டைக் காயவைப்பார். ஓடையின் மறுகரையில் உடனே இறக்கம் இருக்கும் பாதைகளில் பிரேக்கும் இல்லாமல் எஞ்சின் பிடியும் இல்லாமல் போகும் ஆபத்து இருக்கிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என்னிடம் 2பி உரிமம் இருக்கிறது, தினமும் பைக் ஓட்டுகிறேன். எனக்கு எளிதுதானே?

எஞ்சின் பிடி பற்றிய உணர்வு உங்களுக்கு ஏற்கெனவே உண்டு, அது நல்ல முதலீடு. ஆனால் இரண்டு பழக்கங்களைச் சிங்கப்பூரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வண்டி சாயும்போது காலைக் கீழே ஊன்றாதீர்கள். ஏடிவியில் அப்படி ஊன்றிய காலின்மேல் உங்கள் பின்சக்கரமே ஏறும். காலடித் தட்டிலிருந்து பாதம் நகரவே கூடாது. இன்னொன்று, திருப்பத்தில் வண்டி பைக்கைப்போல் தானாகச் சாயாது. உடலை நீங்கள்தான் திருப்பத்தின் உட்பக்கம் சாய்க்கவேண்டும், அப்போதுதான் பூட்டிய பின் அச்சு சறுக்கிக்கொடுத்து வண்டி திரும்பும்.

பிரேக் அமைப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் வலக்கைப் பிடி முன் பிரேக், இடக்கைப் பிடி பின் பிரேக். சிலவற்றில் இடக்கைப் பிடி ஒன்றே நாலுக்கும் போகும். கிளட்ச் என்று நினைத்து இடது பிடியை இழுத்து நடு இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டிவிடும் பைக்காரர்கள் உண்டு.

மகனைப் பின்னால் உட்காரவைத்துப் போகலாமா?

ஒருவருக்கென்று செய்த வண்டியில் கூடாது. இருக்கை நீளமாக இருப்பது ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் நீங்கள் நகர இடமில்லை, ஏற்றத்தில் முன்சக்கரம் இன்னும் லேசாகித் தூக்கும். இருவருக்கென்றே நீளமான அச்சுத்தூரத்தோடு செய்த மாடல்கள் தனியாக உண்டு. குடும்பமாகப் போகும்போது அப்படிப்பட்ட வண்டி இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் இருவர் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்ளும் வகை கிடைக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை தனியாக ஓட்டுவதாக இருந்தால் அவன் வயதுக்கான சிறிய வண்டி, சமதரைப் பாதை மட்டும். அந்தச் சிறிய வண்டிகளில் எஞ்சின் பிடி இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

பயணக் காப்புறுதி இதற்குச் செல்லுமா?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். வாங்கும் முன் காப்புறுதி நிறுவனத்திடம் "ஏடிவி ஓட்டினால் செல்லுமா, ஜொகூரிலும் இந்தோனேசியாவிலும் செல்லுமா, ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் ஓட்டினால் என்ன" என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசமும் கணுக்காலை மூடும் காலணியும் போடாமல் ஓட்டியிருந்தால் இழப்பீடு மறுக்கப்படுமா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடலாம்.